கூடித் தொழும் பேறு

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்னும் பழம்பதி இருக்கிறது. தேவாரம் பெற்ற தலங்களுள் அதுவும் ஒன்று. வைத்தியநாதர் என்னும் திருப்பெயருடன் இறைவன் அங்கே கோயில் கொண்டிருக்கிறான். அத்தலத்தைப் பற்றிப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சி ஒன்று எண்ணுந்தோறும் இன்பம் தருவது. சுந்தரமூர்த்தி நாயனார் ஆற்றின் தென்புறத்தில் உள்ள திருவாலம்பொழிலில் ஓர் இரவு தங்கியிருந்தார். துயிலும்போது இறைவன் கனவில் தோன்றினான். மழபாடிப் பக்கம் வரும் எண்ணமே இல்லாமற் போயிற்றோ என்பதுபோல் அன்போடு வினவினான். நாயனார் விழித்தெழுந்தார், ஆற்றைக் கடந்தார், வடகரை சேர்ந்தார், திருமழபாடியை அடைந்து நெஞ்சுருகிப் பாடினார். அப்பதிகம் ஏழாம் திருமுறையில் இடம்பெற்று, இன்றும் தமிழகமெங்கும் பாடப்பெற்று வருகிறது.

இதைக் கேட்கும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. இறைவன் எங்கும் நிறைந்தவன். சுந்தரரோ அவனை நெஞ்சிலே வைத்து வாழ்ந்தவர். திருவாலம்பொழிலில் இருந்தபடியே மழபாடியை நினைத்து ஒரு பாட்டுப் பாடியிருக்கலாமே! ஆனால் நாயனார் அவ்வாறு வாதம் செய்யவில்லை. அழைப்பு வந்தது, அவர் எழுந்து சென்றார். நினைப்பதற்கும் நேரிற் சென்று நிற்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அவர் உள்ளம் அறிந்திருந்தது. பங்குனித் திங்களில் திருமழபாடியில் நடைபெறும் நந்தியின் திருமணத்தைக் காண வரும் மக்களும் இதையே அறிந்தவர்கள். திருவையாற்றிலிருந்து மணமகனாக நந்தி ஆறு கடந்து வரும்போது, ஊர்கள் பலவும் உடன் வருகின்றன. கலியாணத்திற்கு நேரிற் செல்லாதவன் கலியாணம் கண்டவன் ஆகமாட்டான்.

மாணவ நண்பர்களே! இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவர்கள் கோயிலுக்கு நேரிற் சென்று, சபையாகக் கூடி வழிபடுவதன் இன்றியமையாமை. கிறிஸ்தவப் பொருளைச் சைவத் தலத்திலிருந்து தொடங்கியது ஏன் என்று நீங்கள் வியப்படைய வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு அக்கரையும் இக்கரையும் ஒரே ஊர்தான். மேலும், திருமழபாடி இருக்கும் அதே வடகரையில், கிழக்கே சில கல் தொலைவில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. கொள்ளிடத்திற்குத் தெற்கே பூண்டி இருக்கிறது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலும், பூண்டியில் 1999ஆம் ஆண்டு பசிலிக்கா என்னும் தகுதி பெற்ற மாதா பேராலயமும் விளங்குகின்றன. இரண்டு தலங்களின் மரபும் வீரமாமுனிவரைத் தம் தொடக்கத்தோடு இணைத்துப் போற்றுகின்றன.

வீரமாமுனிவரை நீங்கள் பாடநூலில் அறிந்திருப்பீர்கள். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பாரே அவர். 1710இல் இந்தியா வந்தார். 3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணியையும், 1732இல் சதுரகராதியையும் தமிழுக்குத் தந்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அவ்வூர்ப் பெயரால் கலம்பகமும் பாடினார். அவர் புலவர் என்பது பலருக்கும் தெரியும். அவர் ஒரு சபையை மேய்த்தவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அக்காலத்தில் மதுரை மிஷன் எனப்பட்ட பரந்த நிலப்பரப்பிற்குக் குருமார் மிகச் சிலரே இருந்தனர். ஒரு குரு ஓர் ஊருக்கு ஒரு முறை வந்து சென்றால், மறுபடியும் அவர் வருவதற்குப் பல திங்கள் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் உபதேசியார் என்னும் ஊழியர் ஞாயிறுதோறும் மக்களை ஓரிடத்தில் கூட்டி, மந்திரங்களைச் சொல்லுவித்து, ஞானோபதேசம் கற்பித்தனர். அத்தகையோருக்கு வழிகாட்டவே வீரமாமுனிவர் வேதியரொழுக்கம் என்னும் உரைநூலை எழுதினார். குருவானவர் இல்லை என்பதற்காக, அவரவர் வீட்டிலேயே செபித்துக்கொள்ளலாம் என்று அம்மக்கள் இருந்துவிடவில்லை. ஓலைக் கூரையின் கீழாயினும் கூடினார்கள். பெருவிழாக் காலத்தில் குரு தங்கியிருக்கும் ஊரைத் தேடிக் கட்டுச்சோற்றுடன் நடந்தார்கள். ஏலாக்குறிச்சி போன்ற ஊர்கள் அவ்வாறு நடந்து வந்த கால்களால் எழுந்த ஊர்கள்.

இனி இக்காலத்திற்கு வருவோம். உங்களுள் ஒருவர் என்னைப் பார்த்துப் பின்வருமாறு கேட்கலாம். "ஐயா, அன்று வேறு வழி இல்லை, நடந்தார்கள். இன்று கைப்பேசியைத் தொட்டால் உரோமையிலும் வேளாங்கண்ணியிலும் நடக்கும் வழிபாடு கண்முன் வந்து நிற்கிறது. எங்கள் ஊர்ப் போதகரைவிட நன்றாகப் பேசுபவரின் அருளுரையை நான் விரும்பும் நேரத்தில் கேட்கலாம். பாட்டும் இனிமையாக இருக்கிறது. கடவுள் எங்கும் இருக்கிறார். அவ்வாறாயின் ஞாயிறு காலையில் குளித்துப் புறப்பட்டு, ஒரு விசுப்பலகையில் இடம் தேடி, மனத்திற்கு ஒவ்வாத சிலர் நடுவில் உட்கார்ந்து வருவதால் என்ன பயன்?"

இது ஏளனம் செய்து தள்ளிவிடத் தக்க கேள்வி அன்று. நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையாகவே விடை காண வேண்டும்.

முதலாவதாக, கோயில் என்றும் சபை என்றும் நாம் சொல்லும் சொற்களைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டில் திருச்சபையைக் குறிக்க வழங்கும் கிரேக்கச் சொல் எக்ளேசியா என்பது. அழைக்கப்பட்டு வந்து கூடிய கூட்டம் என்பது அதன் பொருள். கட்டடம் என்பது அதன் பொருள் அன்று. தமிழில் சபை என்று மொழிபெயர்த்தவர்கள் நன்றாகவே மொழிபெயர்த்தார்கள். அவையில் ஆள் இல்லாவிட்டால் அது அவை ஆகாது. கூடாத சபை என்பது ஓடாத ஆறு என்பதைப் போன்றது. எபிரெயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில், சிலர் கூடிவருவதை விட்டுவிடும் வழக்கம் பற்றிய எச்சரிக்கை காணப்படுகிறது. ஆகவே இச்சோர்வு நம் காலத்தில் தோன்றியது அன்று. முதல் நூற்றாண்டிலேயே இருந்தது.

இரண்டாம் நூற்றாண்டில், ஏறத்தாழ கி.பி. 155ஆம் ஆண்டளவில், உரோமையில் வாழ்ந்த ஜஸ்டின் என்னும் மறைச்சாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்கிறார்கள் என்று பேரரசனுக்கு விளக்கி எழுதினார். நகரிலும் நாட்டுப்புறத்திலும் வாழ்வோர் ஓரிடத்தில் கூடுகிறார்கள், மறைநூல் படிக்கப்படுகிறது, தலைமை தாங்குவோர் அறிவுரை கூறுகிறார், அனைவரும் எழுந்து நின்று மன்றாடுகிறார்கள், அப்பமும் இரசமும் பகிரப்படுகின்றன. இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வழியாக அப்பம் அனுப்பப்படுகிறது என்கிறார். வசதி உடையோர் தாமே விரும்பிக் கொடுக்கும் காணிக்கை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் அந்நியருக்கும் உதவுகிறது என்கிறார். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தச் சிறு குறிப்பில், நம் பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கூடியவர்கள் கூட இயலாதவர்களை நினைத்தார்கள். உண்டவர்கள் உண்ணாதவர்களுக்குக் கொண்டு சென்றார்கள். கூட்டமே இல்லாவிடில் யார் யாருக்குக் கொண்டு செல்வது?

கி.பி. 304இல், தியோக்கிளேசியன் என்னும் உரோமைப் பேரரசன் கிறிஸ்தவர்கள் கூடுவதற்குத் தடை விதித்திருந்தான். வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா நாட்டுப் பகுதியில், அபித்தினா என்னும் ஊரில் 49 பேர் தடையை மீறி ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடினார்கள். பிடிபட்டார்கள். கார்த்தேஜ் நகரில் விசாரணை நடந்தது. எமரித்துஸ் என்பவர் தம் வீட்டில் அவர்களுக்கு இடம் அளித்திருந்தார். அவர்களைத் தடுத்திருக்கலாமே என்று நீதிபதி வினவியபோது, ஞாயிறு வழிபாடு இன்றித் தங்களால் வாழ முடியாது என்னும் கருத்துப்பட அவர் விடை கூறினார். வீட்டுக்குள் தனித்திருந்து மனத்துக்குள் வணங்கியிருந்தால் அவர்களை எவரும் பிடித்திருக்க மாட்டார்கள். தனி வழிபாட்டிற்கு ஆபத்து இல்லை. கூடியதால்தான் ஆபத்து வந்தது. ஆபத்து வரும் என்று அறிந்தும் கூடினார்கள். வீட்டு வாயிலிலிருந்து கோயில் வரை நடக்க நாம் தயங்கும்போது, அந்த 49 பேரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிராக ஒரு வரலாற்றைக் காட்டக்கூடும். ஜப்பான் நாட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ சமயம் தடை செய்யப்பட்டது. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவும் இல்லை, கோயிலும் இல்லை. ஆயினும் நாகசாகியைச் சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் தம் வீடுகளில் மறைவாக விசுவாசத்தைக் காத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வந்தார்கள். "பார்த்தீர்களா? கோயில் இல்லாமலே சமயம் வாழ்ந்தது" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவ்வரலாற்றின் முடிவையும் கேளுங்கள். நாகசாகியின் ஊரா என்னுமிடத்தில் அயல்நாட்டாருக்காக ஒரு கோயில் எழுந்தது. 1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், உரகாமி என்னும் சிற்றூரிலிருந்து ஒரு சிறு கூட்டம் அக்கோயில் வாயிலில் வந்து நின்றது. அவர்களுள் ஒரு பெண்மணி பெத்திஜான் என்னும் குருவை அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் தெரிவித்தார். அன்னை மரியாளின் உருவம் எங்கே என்று கேட்டார். அப்போதும் தடை நீங்கவில்லை. வெளிப்பட்டதன் பயனாகப் பின்னர் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட உரகாமி மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1873இல்தான் ஊர் திரும்பினார்கள். வீட்டு வழிபாடே போதும் என்று சொல்லும் தகுதி உலகில் யாருக்கேனும் உண்டு என்றால், அது அவர்களுக்கே உண்டு. அவர்களோ கோயில் திறந்த செய்தி கேட்டதும், உயிரைப் பொருட்படுத்தாமல் நடந்து வந்தார்கள். இருநூறு ஆண்டுகள் அவர்களைக் காத்தது வீட்டு வழிபாடு. ஆனால் அந்த வழிபாடு இருநூறு ஆண்டுகளும் கோயிலுக்காகக் காத்திருந்தது.

இனி ஒலி, ஒளிக் கருவிகளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். வானொலியில் நின்றுகொண்டு வானொலியைக் குறை சொல்வது நன்றியற்ற செயல் ஆகும். நான் அதைச் செய்யப் போவதில்லை. வழிபாட்டை வானொலி சுமந்து செல்லத் தொடங்கியது நேற்று அன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரக் கோயில் ஒன்றிலிருந்து 1921ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் முதன்முதலாக ஒரு வழிபாடு ஒலிபரப்பாயிற்று. இலண்டனில் 1924 சனவரியில் அவ்வாறே நடந்தது. 1931 பிப்ரவரியில் மார்க்கோனியின் துணையோடு வத்திக்கான் வானொலி தொடங்கப்பெற்றது. நமது திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பிறந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், கடலில் செல்லும் மாலுமிக்கும், முதுமையால் நடை தளர்ந்த பாட்டிக்கும் இக்கருவிகள் செய்துள்ள தொண்டு அளவிடற்கரியது.

1957ஆம் ஆண்டு செப்டம்பரில், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் பற்றித் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். அவர் இக்கருவிகளை வரவேற்றார். அதே மடலில், திருப்பலியைத் தொலைக்காட்சியில் காண்பது நேரிற் பங்கு கொள்வதற்கு நிகர் ஆகாது என்பதையும் தெளிவுபடுத்தினார். அவர்தாம் அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தவர். அதற்குக் காரணமான வரலாறு இனியது. கிளாரா நோயுற்றுக் கோயிலுக்குச் செல்ல இயலாமல் கிடந்தபோது, அங்கு நடந்த வழிபாடு அவருக்குத் தம் அறையிலேயே காட்சியாகத் தெரிந்தது என்பர். இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. அக்காட்சி யாருக்குக் கிடைத்தது? போக முடிந்தும் போகாதவருக்கு அன்று; போக ஏங்கிப் போக முடியாதவருக்கே கிடைத்தது.

நான் இப்போது பேசுகிறேன். என் குரல் உங்கள் வீட்டுக் கூடத்திற்குள் வருகிறது. ஆனால் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சிரித்தாலும் நான் அறியேன். கண் கலங்கினாலும் அறியேன். பாதியில் எழுந்து போய்விட்டாலும் அறியேன். பேச்சுக்கு இது பெருங்குறை அன்று. ஆனால் வழிபாடு பேச்சு மட்டும் அன்று. அது கேட்பது போலவே கொடுப்பதும் ஆகும். கூடிப் பாடும்போது உங்கள் குரல் பக்கத்தில் நிற்பவருக்குத் துணை ஆகிறது. கை கொடுத்துச் சமாதானம் கூறும்போது ஒரு பகை கரைகிறது. அப்பமும் இரசமும் அலைவரிசையில் வருவதில்லை. ஞானஸ்நான நீரையும் திரையின் வழியே தலையில் வார்க்க இயலாது. கிறிஸ்தவ சமயத்தின் நடுப்பொருள், கடவுள் சொல்லாக மட்டும் நில்லாமல் உடலெடுத்து மனிதரிடையே வந்தார் என்பது. வந்த கடவுளை வணங்குவோர், தாம் வராமல் இருப்பது பொருந்துமா?

இதை நாம் ஏட்டளவில் அல்லாமல் பட்டறிவினால் உணர்ந்த காலமும் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் கொரோனா பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் வீட்டுத் திரையின்முன் அமர்ந்து கொண்டாடினார்கள். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணியில் திருவிழாக் கொடி ஏறியபோது, கடல்போல் திரளும் கூட்டம் அங்கே இல்லை. அந்த மூடல் சரியானதே. அயலான் உயிரைக் காப்பதற்காகக் கோயிலுக்குப் போகாமல் இருந்ததும் ஒரு வழிபாடே. அப்போது திரைகள் செய்த உதவியை மறப்பதும் தகாது.

ஆனால் அந்நாட்களில் நாம் எதற்கு ஏங்கினோம் என்று எண்ணிப் பாருங்கள். அருளுரைக்கு ஏங்கவில்லை, அது ஏராளமாகக் கிடைத்தது. பாடலுக்கு ஏங்கவில்லை, அதுவும் கிடைத்தது. ஆளுக்கு ஏங்கினோம். இறந்தவரை அடக்கம் செய்யும் வேளையில் நான்கு பேர் அருகில் நிற்க மாட்டார்களா என்று ஏங்கினோம். தோளில் ஒரு கை பட்டால் போதும் என்று எத்தனை கைம்பெண்கள் ஏங்கினார்கள்! 2020 செப்டம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டில் வழிபாட்டிடங்கள் திறக்கப்பட்டன. அதே திங்களில், உரோமையில் வழிபாட்டுத் துறைத் தலைவராக இருந்த கர்தினால் இராபர்ட் சாரா அவர்கள் உலகெங்குமுள்ள ஆயர்களுக்கு எழுதிய மடல் வெளியாயிற்று. எந்த ஒலிபரப்பும் ஒளிபரப்பும் நேரிற் பங்கு கொள்வதற்கு ஈடாகாது என்றும், இயன்ற விரைவில் மக்கள் மகிழ்ச்சியோடு நற்கருணைக் கூட்டத்திற்குத் திரும்ப வேண்டும் என்றும் அம்மடல் கேட்டுக்கொண்டது. மறு ஆண்டும் தொற்று மிகுந்தது. கதவுகள் மீண்டும் மூடித் திறந்தன. கதவு திறந்தபின் பலர் ஓடிவந்தார்கள். வராமல் இருப்பதற்குப் பழகிப்போனவர்களும் உண்டு. நோய் போன பின்னும் ஊன்றுகோலை விடாதவனை என்னென்று சொல்வது?

இதுவரை சொன்னவை இனிய காரணங்கள். இனிச் சொல்லப் போவது சற்றுக் கசப்பானது. ஆயினும் உண்மையானது. கோயிலுக்குப் போவதில் ஒரு தொல்லை உண்டு. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்! நமக்குப் பிடித்தவர்கள் மட்டும் அல்லர், பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். திரையின்முன் அமர்ந்தால் பக்கத்தில் யார் உட்காருவார் என்ற கவலை இல்லை. இந்த வசதியே பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் வெட்கத்தோடு படிக்க வேண்டிய பக்கங்கள் சில உண்டு. தென்னிந்தியச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 1833ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் அறவே விட்டொழிக்க வேண்டும் என்று மடல் எழுதினார். கொள்ளிடத்திற்குத் தெற்கே, நமக்கு அண்மையிலுள்ள தஞ்சையில், அதை ஏற்க மனமின்றிப் பலர் சபையை விட்டே விலகினார்கள். தெற்கே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோயில் இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, ஆனால் இரு சாதியாரும் ஒருவரை ஒருவர் காணாதபடி நடுவே சுவர்! ஒரே குரு, ஒரே பலி. இருப்பினும் கண்ணோடு கண் நோக்க வழியில்லை. 1910ஆம் ஆண்டில் கௌசானல் என்னும் குருவானவர் அச்சுவரை இடித்துத் தள்ளச் செய்தார். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினையை உரிமையாகக் கோரியவர்களுக்கு அங்கே வெற்றி கிட்டவில்லை.

அச்சுவர் ஏன் இடிந்தது? மக்கள் நேரில் கூடினார்கள். ஆதலால் அது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் அது பாவம் என்று புலப்பட்டது. புலப்பட்டதால் இடிக்க ஒருவர் முன்வந்தார். இன்று அவரவர் அவரவர் வீட்டிலிருந்து வழிபட்டால், வீட்டுக்கொரு சுவர் எழும். அச்சுவரை இடிக்க எந்தக் குருவானவராலும் முடியாது. ஏனெனில் அது சுவர் என்றே எவருக்கும் தோன்றாது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் எழுந்த திருத்தூதர் போதனை என்னும் நூல் ஆயர்களுக்கு ஓர் அறிவுரை கூறுகிறது. மக்கள் சபைக்கு வராமல் இருந்து கிறிஸ்துவின் உடலில் ஓர் உறுப்பைக் குறைத்துவிடக் கூடாது என்று கற்பிக்குமாறு சொல்கிறது. ஏழை ஒருவர் கூட்டத்திற்கு வந்து இடமின்றி நின்றால், ஆயரே தம் இருக்கையை அவருக்குத் தந்துவிட்டுத் தரையில் அமரட்டும் என்றும் சொல்கிறது. எழுந்து இடம் கொடுக்கும் அந்த அறத்தை வீட்டு நாற்காலியில் இருந்தபடி எவரும் பயில இயலாது. நம் சபைகளில் சாதி இன்னும் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். ஆனால் அது ஒழிய வேண்டுமானால், ஒரே வரிசையில், ஒரே கிண்ணத்தின்முன் நாம் நிற்க வேண்டும். அதற்கு முதற்படி வந்து நிற்பது.

கோயிலுக்கு வருவோர் அனைவரும் நல்லவர் அல்லரே என்பர் சிலர். உண்மை. மருத்துவமனைக்கு வருவோர் அனைவரும் நலமுடையோர் அல்லர் என்பதும் உண்மைதானே!

யார் வரவில்லை என்பது கூட்டத்தில்தான் தெரியும். ஒரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். முன் வரிசையில், தூணோரமாக, வழக்கமாய் உட்காரும் மூதாட்டி ஒரு ஞாயிறு வரவில்லை. பக்கத்தில் அமரும் பெண் அதைக் கவனிக்கிறாள். வழிபாடு முடிந்ததும் அவர் வீட்டிற்குச் செல்கிறாள். மூதாட்டி காய்ச்சலில் கிடக்கிறார். கஞ்சி வைத்துக் கொடுக்கவும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் ஆள் வந்தாயிற்று. ஒளிபரப்பைக் காண்போர் ஆயிரவர் என்று கருவி கணக்குக் காட்டும். அந்த மூதாட்டி வரவில்லை என்று எந்தக் கருவியும் காட்டாது. ஒருவர் இல்லாமை உணரப்படும் இடமே அவருக்கு வீடு. வராதவரை எண்ணுவதற்காகவேனும் நாம் வர வேண்டும்.

நோயாளிகளும், நோயாளியை விட்டு நீங்க இயலாதவர்களும், பணிமுறையால் கட்டுண்ட செவிலியரும் காவலரும் ஓட்டுநரும் வர இயலாததற்காக வருந்த வேண்டியதில்லை. அவர்கள் கடமையைச் செய்யும் இடமே அவர்களுக்கு அன்றைய கோயில். அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியது வந்தவர்களின் பொறுப்பு. ஜஸ்டின் கூறிய அந்தத் திருத்தொண்டரை நினைவு கூருங்கள். கோயிலிலிருந்து புறப்பட்ட அவர் நேரே தம் வீட்டிற்குச் செல்லவில்லை. வர இயலாதவர் வீட்டிற்குச் சென்றார்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் ஊரை விட்டு நகரத்து விடுதிகளில் தங்கிப் படிக்கிறீர்கள். ஊரில் இருந்தபோது தாயார் எழுப்பிவிட்டதால் கோயிலுக்குச் சென்றீர்கள். விடுதியில் எழுப்புவார் இல்லை. முதல் ஞாயிறு களைப்பு. இரண்டாம் ஞாயிறு தேர்வு. மூன்றாம் ஞாயிறு மழை. நான்காம் ஞாயிற்றுக்குக் காரணமே தேவைப்படுவதில்லை. பழக்கம் இவ்வாறுதான் அறுகிறது. ஒரே நாளில் அறுவதில்லை. அதைக் காப்பதும் அவ்வாறே. ஒவ்வொரு ஞாயிறாகத்தான் காக்க வேண்டும். புதிய ஊரில் உள்ள கோயிலைத் தேடிச் செல்லுங்கள். கடைசி விசுப்பலகையிலாயினும் அமருங்கள். முன்பின் அறியாத ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து உங்கள் பக்கம் நீட்டுவார். அந்த ஊர் அன்றுதான் உங்கள் ஊராகத் தொடங்கும்.

பிற சமயத்தைச் சேர்ந்த மாணவர்களே, இப்பேச்சு உங்களுக்கு அயலானது என்று எண்ண வேண்டா. ஆலயம் தொழுவதன் நன்மையை ஔவையார் சிறு பிள்ளைகளுக்கென்றே கொன்றைவேந்தனில் எடுத்துரைத்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தோளோடு தோள் சேர நிற்கும் அன்பர்கள் இதை நமக்கு வாரந்தோறும் காட்டுகிறார்கள். மனிதன் தனியே பிறக்கிறான். ஆனால் தனியே வளர்வதில்லை.

மீண்டும் கொள்ளிடக் கரைக்கு வருவோம். திருமழபாடியில் மணி ஒலிக்கிறது. ஏலாக்குறிச்சியிலும் மணி ஒலிக்கிறது. மணியோசை காற்றிலே எளிதாக ஆற்றைக் கடந்துவிடும். கேட்டவன் ஆற்றைக் கடப்பதுதான் அரிது. ஓசை வீடு தேடி வருவது நம்மை வீட்டிலேயே இருத்துவதற்கு அன்று, அழைத்துச் செல்வதற்கு. இந்த வானொலிப் பேச்சும் அத்தகைய ஒரு மணியோசையே. கேட்டு முடித்ததும் கருவியை நிறுத்திவிட்டு, வருகிற ஞாயிறன்று வாயிற்படியைத் தாண்டிச் செல்லுங்கள். வழியில் நடை தளர்ந்த பெரியவர் ஒருவரைக் கண்டால், அவருக்கும் கை கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.